உங்களுக்குத் தெரியுமா? சொகுசு செடான் வாங்கும் முன்…

பென்ஸ் இ-கிளாஸ், பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ், ஆடி ஏ6, வால்வோ எஸ்90, லெக்சஸ் இ.எஸ். – நடுத்தர சொகுசு செடான் என்றதும் நம் ஊரில் இந்தப் பெயர்கள்தான் முதலில் வரும். புதிதாக எடுத்தாலும், செகண்ட் ஹேண்டில் எடுத்தாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் இவை.

◆ இந்தியச் சாலைகளில் ஓடும் பி.எம்.டபிள்யூ. கார்களில் பெரும்பாலானவை செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் பூட்டப்பட்டவை. 2007 மார்ச்சில் தொடங்கிய தொழிற்சாலை அது. பென்ஸ் அதற்கும் முந்தியது. 1995லேயே புனேயில் டபிள்யூ124 ரக இ-கிளாஸைப் பூட்டத் தொடங்கிவிட்டார்கள். முழுதாக இறக்குமதியாகும் காருக்குச் சுங்க வரி மிக அதிகம். உதிரியாக வந்து இங்கே பூட்டப்பட்டால் குறைவு. இரண்டு மாடல்களுக்கிடையே விலை வித்தியாசம் ஏன் என்று புரியாதபோது, எங்கே பூட்டியது என்று முதலில் கேளுங்கள்.

◆ இங்கே விற்கும் இப்போதைய 5 சீரிஸும் இ-கிளாஸும் நீட்டிக்கப்பட்ட உடல் கொண்டவை. வலதுபக்க ஸ்டியரிங் நாடுகளில் நீள இ-கிளாஸை முதலில் பெற்றது இந்தியாதான், 2017ல். நீள 5 சீரிஸும் 2024ல் அப்படியே வந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து டிரைவர் வைத்து ஓட்டுபவர்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. கால் நீட்டி உட்காரலாம் என்பது உண்மை. ஆனால் 5 சீரிஸின் நீளம் 5,165 மில்லிமீட்டர், இ-கிளாஸ் 5,092. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு காருக்கு ஒதுக்கும் இடம் பொதுவாக 5 மீட்டர்தான். அதாவது, மூக்கோ வாலோ கோட்டுக்கு வெளியே நிற்கும். ஷோரூமுக்குப் போவதற்கு முன் டேப் எடுத்து பார்க்கிங்கை அளந்துவிடுங்கள். தானே ஓட்டப்போகிறவர், மயிலாப்பூர் மாதிரி குறுகலான தெருவில் குடியிருப்பவர் என்றால், ஒரு படி கீழே உள்ள சி-கிளாஸையோ 3 சீரிஸையோ தாராளமாகப் பரிசீலிக்கலாம்.

◆ 2025 செப்டம்பர் 22 முதல் இந்த ரக கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். ‘ஐயோ, 40ஆ?’ என்று பதற வேண்டாம். அதற்கு முன் 28 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் சேர்ந்து, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட பெரிய செடானுக்கு 48 சதவீதம் இருந்தது. மின்சாரக் காருக்கு 5 சதவீதம்தான்.

◆ தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 80 லட்சத்துக்கு கார் என்றால் வரி மட்டும் 16 லட்சம். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல குடும்பக் காரே வந்துவிடும். எனவே எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள்.

◆ 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் விற்கும்போது ஷோரூம்காரர்கள் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். இது செலவு அல்ல, உங்கள் பான் எண்ணில் வரவாகும் பணம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், ரீஃபண்டும் வாங்கலாம். 70 லட்சம் காரில் இது 70,000 ரூபாய்.

◆ இன்சூரன்ஸ் கம்பெனிகள் காரின் மதிப்பைக் குறைக்க ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. சொகுசு செடான்களுக்குச் சந்தையில் விழும் விலை பல நேரம் இதையும் தாண்டும். அதனால்தான் ஒரு காலத்தில் 70 லட்சத்துக்கு விற்ற கார் இன்று 20 லட்சத்துக்கு வாசலில் வந்து நிற்கிறது.

இங்கேதான் நிதானம் வேண்டும். காரின் விலை பாதிக்கும் கீழே இறங்கும். அதன் ஹெட்லைட்டின் விலை இறங்காது. பழைய இ-கிளாஸுக்கு வாங்கும் சஸ்பென்ஷன் பாகமும், கியர்பாக்ஸ் ஆயிலும், மெக்கானிக்கின் கூலியும் இன்றைய பென்ஸ் விலைதான். யானையை வாங்குவது பெரிதல்ல, தீனி போடுவதுதான் பெரிது. செகண்ட் ஹேண்ட் சொகுசு கார் வாங்கி ஆறே மாதத்தில் கசந்துபோய் விற்பவர்களில் பலர், காரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். கையிலிருந்த மொத்தப் பணத்தையும் காரின் விலைக்கே கொடுத்துவிட்டவர்கள். கையில் 20 லட்சம் இருந்தால் 16 லட்சத்து வண்டியைப் பாருங்கள். மிச்சத்தை முதல் வருட பராமரிப்புக்கென்று தொடாமல் வையுங்கள்.

◆ ‘பழைய காருக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.’ என்று 2025 தொடக்கத்தில் ஒரே பேச்சு. அந்த வரி முழு விலைக்கு அல்ல, பதிவு பெற்ற வியாபாரிக்குக் கிடைக்கும் லாப வித்தியாசத்துக்கு மட்டும்தான். ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் ஜி.எஸ்.டி.யே கிடையாது. முழுத் தொகைக்கும் 18 சதவீதம் போட்டு யாராவது பில் நீட்டினால் விளக்கம் கேளுங்கள்.

◆ பழைய 520டி பார்க்கப் போகிறீர்களா? ஏறக்குறைய 2014 வரை அதில் வந்த என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயின் இருப்பது முன்பக்கம் அல்ல. பின்னால், கியர்பாக்ஸை ஒட்டி. செயின் தளர்ந்தால் அதைத் தொடுவதற்கே கியர்பாக்ஸையோ இன்ஜினையோ கழற்றி இறக்க வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி பெரிதாகும் வேலை. செயின் அறுந்தால் இன்ஜினே போய்விடும்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. விற்பவரிடம், ‘நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலையில் போனதும் பானெட்டில் கை வையுங்கள், சில்லென்று இருக்க வேண்டும். ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் இன்ஜினின் பின்பக்க ஓரமாக, முன்கண்ணாடிக்குக் கீழே காதைக் கொடுங்கள். டீசலின் வழக்கமான கடகடப்புக்கு மேல் உலோகம் உரசுவதுபோல ‘சரசர’ என்ற சத்தம், ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதிக்கும்போது கூடுகிறதென்றால், அந்த வண்டி வேண்டாம். நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

◆ ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரை ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் காற்றுப் பை கசிகிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் அதைத் தூக்கிவிடும். பத்து நிமிடம் கழித்து வருபவருக்குக் குறை தெரியாது. கசிவை ஈடுகட்ட ஓடி ஓடிக் கம்ப்ரஸரும் சேர்ந்து கெடும்.

◆ 2002ல் வந்த டபிள்யூ211 இ-கிளாஸில் மின்னணு பிரேக் முறை ஒன்று இருந்தது. பிரேக்கை எத்தனை முறை மிதித்தீர்கள் என்று அதன் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே வரும். குறிப்பிட்ட எண்ணிக்கை தாண்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும், யூனிட்டையே மாற்ற வேண்டிவரும். 2006ல் பென்ஸ் அதைக் கைவிட்டு வழக்கமான பிரேக்குக்குத் திரும்பிவிட்டது. மலிவாக வரும் பழைய இ-கிளாஸ் எந்த வருடத்தது என்பதை இதற்காகவே பாருங்கள்.

◆ 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. தண்ணீர் பார்த்த சாதாரண காரைக்கூடத் தேற்றலாம். சொகுசு செடானை என் கணிப்பில் தேற்றவே முடியாது. காரணம், இவற்றில் கம்ப்யூட்டர் பெட்டிகள் சீட்டுக்கு அடியிலும், தரை விரிப்புக்குக் கீழும், டிக்கியின் பள்ளத்திலும் இருக்கும். 5 சீரிஸில் பேட்டரியே டிக்கியில்தான். உப்பும் சேறும் கனெக்டர்களுக்குள் புகுந்தால் அரிப்பு மெதுவாக நடக்கும். வாங்கி ஒரு வருடம் கழித்து ஜன்னல் இறங்காது, பிறகு ஏர்பேக் விளக்கு எரியும், பிறகு ஒருநாள் நடுரோட்டில் நின்றுவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசி அங்குலம் வரை இழுங்கள். வழக்கமாக வெளியே வரும் பகுதியைக் கழுவியிருப்பார்கள். சுருளின் உள்ளே கிடக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். முன்சீட்டைப் பின்னால் தள்ளித் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிக்கி மேட்டைத் தூக்கிப் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். ஏ.சி.யைப் போட்ட முதல் நிமிடம் மூக்கால் கவனியுங்கள். கார் முழுக்க வாசனைத் திரவியம் அடித்து வைத்திருந்தால் அதுவே ஒரு காரணம், இன்னும் துருவிப் பார்க்க.

◆ மழைத்தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றுக் குழாய் வழியாக சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு கூடுதல் காப்பு உண்டு. சென்னையில் இருப்பவர் அதை விடக்கூடாது.

◆ பல பி.எம்.டபிள்யூ.க்களில் ரன்-ஃப்ளாட் டயர். பஞ்சரானாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓட்டலாம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ன் 23வது வாரத்தில் தயாரானது. கட்டை தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும் ஆறேழு வருடமான டயர் பழசுதான். நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

◆ பி.எஸ்.6 டீசல் சொகுசு கார்களில் ஆட்-ப்ளூ என்று ஒரு திரவம் ஊற்ற வேண்டும். 32.5 சதவீத யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். அதைத் தவறிப்போய் டீசல் டேங்கில் ஊற்றினால் பம்ப்பிலிருந்து இன்ஜெக்டர் வரை பாழ். இந்த டீசல்களுக்கு இன்னொரு குணம்: புகைவடிகட்டியில் சேரும் கரி எரிந்துபோக நீண்ட ஓட்டம் வேண்டும். தினமும் வீட்டிலிருந்து ஆபீஸ் நாலு கிலோமீட்டர், திரும்பி நாலு கிலோமீட்டர் என்றால் டீசல் உங்களுக்கு ஆகாது. பெட்ரோலோ ஹைப்ரிடோ எடுங்கள்.

◆ ஹைப்ரிட் என்றால் லெக்சஸ் இ.எஸ். 300எச், 2020 முதல் கர்நாடகாவின் பிடதியில் பூட்டுகிறார்கள். ஹைப்ரிட் பேட்டரி குளிர, பின்சீட் பக்கத்துத் துவாரம் வழியாகக் காற்று போகும். பையோ துணியோ போட்டு அதை அடைக்கக் கூடாது.

◆ மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்தாலும் எல்லா இடத்திலும் குறைப்பது கடினம். கியர்பாக்ஸ் உள்ளிட்ட பல கம்ப்யூட்டர்களில் ஓட்டம் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும், பி.எம்.டபிள்யூ.வின் பல மாடல்களில் சாவிக்குள்ளேயே பதிவு உண்டு. அதே பிராண்டுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் தெரிந்துவிடும். சர்வீஸ் வரலாற்றையும் சேசிஸ் எண்ணை வைத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.

◆ அந்த சேசிஸ் எண் 17 இலக்கம். பூஜ்ஜியம், ஒன்றோடு குழம்பும் என்பதால் ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. வந்தால் எண் போலி, அல்லது தப்பாக எழுதியது. தகாட்டா ஏர்பேக் கோளாறுக்காக உலகம் முழுக்கத் திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் பி.எம்.டபிள்யூ.வும் பென்ஸும் உண்டு. உங்கள் வண்டிக்கு நிலுவை வேலை இருக்கிறதா என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாவது ஓனரானாலும் இலவசமாகவே செய்வார்கள்.

◆ டெல்லி வண்டி மலிவு, காரணம் இருக்கிறது. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் கார்கள் ஓடக் கூடாது என்ற தடையை 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025ல் சில தளர்வுகள் வந்தாலும், வயதான டீசல்கள் தெற்கே வருவது அதனால்தான். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, 12 மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இங்கே மறுபடியும் ஆயுள் வரி உண்டு. வண்டியின் வயதுக்கேற்ப விகிதம் குறையும், ஆனால் கணக்கு போடுவது நீங்கள் கொடுத்த விலையில் அல்ல, கார் புதிதாக இருந்தபோதைய விலையில். மலிவு என்று நினைத்தது பாதி அங்கேயே கரைந்துவிடும்.

◆ நோ க்ளெய்ம் போனஸ் காரோடு வராது. அது பழைய ஓனரின் சொத்து. பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமதித்தால் விபத்தில் உங்கள் காருக்கான இழப்பீட்டுக்கு முட்டுக்கட்டை விழும்.

◆ லோனை அடைத்துவிட்டேன் என்று சொன்னால் போதாது. வங்கியின் கடிதமும் 35ஆம் படிவமும் கொடுத்து ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கியிருக்க வேண்டும். திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் சான்று எடுக்கலாம்.

◆ கடைசியாக, உங்கள் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுப்பவர்களுக்கு. விற்று, பணம் வாங்கி, சாவியைக் கொடுத்துவிட்டாலும், ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் ஓனர். கைமாறிக் கைமாறி யாரிடமோ போன கார் விபத்து செய்தாலும், இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே என்று 2018ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைக்கும்போது 29சி படிவம் மூலம் தெரிவித்துவிட்டால், அன்றிலிருந்து பொறுப்பு அவருடையது. உங்கள் வியாபாரியிடம் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பெயர் மாறியதை இணையத்தில் நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள்.