மேலும் கூடாது, கீழும் கூடாது

பிலிப்பைன்ஸின் முதல் ஒலிம்பிக் பதக்கம் தண்ணீரில் கிடைத்தது. 1928 ஆம்ஸ்டர்டாமில் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில், அதாவது நம் ஊர் தவளை நீச்சலில், வெண்கலம் வென்றவர் தியோஃபிலோ இல்டெஃபான்சோ. இலோகோஸ் நோர்டே மாகாணத்து ஆற்றில் நீந்தப் பழகிய படைவீரர். 1932 லாஸ் ஏஞ்சலிஸிலும் அதே போட்டியில் வெண்கலம். கைகளை நீர்மட்டத்தை ஒட்டி வீசும் அவரது பாணிக்காக, நவீன பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கின் தந்தை என்றே அவரைச் சொல்வார்கள்.

நான்கு நீச்சல் வகைகளில் இதுதான் மிக மெதுவானது. முன்னேறுவதற்காகத் தண்ணீரைப் பின்னே தள்ளிய கைகால்களை, அதே தண்ணீரைக் கிழித்துத்தான் மறுபடி முன்னே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு வீச்சிலும் உடல் தனக்குத் தானே பிரேக் போட்டுக்கொள்கிறது.

இதிலிருந்து தப்ப இரண்டு வழிகள். ஒன்று, மேலே. தண்ணீரைவிடக் காற்று சுமார் 800 மடங்கு லேசு. கைகளைக் காற்றில் வீசி முன்னே கொண்டுவந்தால் தடை குறையும். 1930களில் பலர் அப்படி நீந்தத் தொடங்க, 1952இல் அது பட்டர்ஃப்ளை என்ற தனி வகையாகப் பிரிந்தது. இன்னொரு வழி, கீழே. நீர்மட்டத்தில் நீந்துபவரின் பலத்தில் ஒரு பங்கை அலைகள் விழுங்கிவிடும். ஆழத்தில் அந்த இழப்பு குறைவு. 1956 மெல்போர்னில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா பெரும்பகுதியை நீருக்கடியிலேயே நீந்தித் தங்கம் வென்றார். அதன்பின் அதற்கும் தடை வந்தது.

இந்த இரண்டு வழிகளையும் அடைத்துக்கொண்டு நிற்பவர்கள்தான் நடுவர்கள். கைகள் நீருக்கு மேலே வரலாம்; முழங்கை வரக்கூடாது, திரும்புமிடத்துக்கும் முடிவுக்கும் முந்தைய கடைசி வீச்சு மட்டும் விலக்கு. தொடக்கத்துக்கும் திரும்புதலுக்கும் பிந்தைய முதல் வீச்சைத் தவிர, ஒவ்வொரு வீச்சிலும் தலை ஒருமுறையாவது நீர்மட்டத்துக்கு மேல் வர வேண்டும். சுவரை இரு கைகளும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை ஒரு கணம் முந்தினாலும், அங்கே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளர் கையை உயர்த்துவார். என்ன பார்த்தார், எங்கிருந்து பார்த்தார் என்று விசாரித்துத் தகுதிநீக்கத்தை முடிவு செய்பவர் தலைமை நடுவர். சந்தேகம் இருந்தால் அதன் பலன் வீரருக்கே.

போட்டிகளில் நீந்தியவர்கள் பலர் பின்னாளில் நடுவராவது பொருத்தம்தான். களைத்த தோள் எந்த இடத்தில் குறுக்குவழி தேடும் என்பது அவர்களின் உடம்புக்கே தெரியும். அப்படி இரண்டாம் வாழ்வு எதுவும் இல்டெஃபான்சோவுக்கு வாய்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பத்தான் தீபகற்பத்தில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, 1942இல் காபாஸ் கைதிகள் முகாமில் இறந்துபோனார்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் பார்த்தால், முதலில் வருபவரோடு குளத்தின் ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் நிற்பவர்களையும் கவனியுங்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்த நீச்சல் வகையே மிஞ்சியிருக்காது.