ஆறவைத்த விதம்

ஆரம்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால், பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புவது தெரியும். பி.எஸ்.எல்.வி. என்றால் என் நினைப்பு அதன் நான்காம் நிலைக்குத்தான் போகும். அங்கே டைட்டானியத் தொட்டியில், எரிபொருளை எரியவைக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடு என்ற திரவம் இருக்கிறது. அதில் 3 சதவீதம் நைட்ரிக் ஆக்சைடைக் கலந்திருப்பார்கள்.

கலப்பதற்குக் காரணம் உண்டு. 1965-ல் அப்போலோவுக்கான டைட்டானியத் தொட்டிகளில் இதே திரவத்தை நிரப்பிச் சோதித்தபோது அவை விரிசல் விட்டு உடைந்தன. திரவத்தை அதிகம் சுத்திகரித்ததில் அதிலிருந்த கொஞ்ச நைட்ரிக் ஆக்சைடும் போய்விட்டிருந்தது. திரும்பச் சேர்த்ததும் விரிசல் நின்றது.

இழுவிசை, ஒத்துவராத திரவம், இடம்கொடுக்கும் உலோகம் மூன்றும் சேர்ந்தால்தான் இந்த விரிசல் வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு மூன்றாவதுதான் முக்கியம்.

ராக்கெட் திரவத்தில் மட்டுமல்ல, உப்புநீரிலும் இது நடக்கும். டைட்டானியத்தைக் கடல்நீர் ஒன்றும் செய்யாது என்றுதான் நம்பியிருந்தார்கள். 1960-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பி.எஃப். பிரவுன், முன்கூட்டியே சிறு விரிசல் போட்ட துண்டுகளை உப்புநீரில் வைத்து வளைத்தார். 8 சதவீதம் அலுமினியம் கலந்த டைட்டானியத்தில் விரிசல் வளர்ந்தது.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இத்தகைய கலவைகளில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு பகுதிகள் தெரியும். விரிசல் பெரும்பாலும் ஆல்ஃபாவைப் பிளந்துகொண்டு ஓடும். இடையிலுள்ள பீட்டா, வயல் வரப்பு மாதிரி அதைத் தடுக்கும். அலுமினியம் அதிகமுள்ள கலவையை 700 முதல் 500 டிகிரி வரை மெதுவாக ஆறவிட்டால், ஆல்ஃபாவுக்குள் மூன்று டைட்டானியம் அணுக்களுக்கு ஓர் அலுமினியம் அணு என்று ஒழுங்காக அடுக்கிய நுண்துகள்கள் உருவாகும். அதன்பின் உலோகம் பரவலாக நெளியாமல் ஒருசில தளங்களில் மட்டும் வழுக்கும். விரிசல் முனையில் பாதுகாப்பு ஆக்சைடு படலம் கிழிந்துகொண்டே இருக்கும். வேகமாக ஆற்றினால் இந்தத் துகள்கள் உருவாக நேரமிருக்காது. ஆல்ஃபாவும் பீட்டாவும் தகடு தகடாகப் பின்னியிருந்தால் விரிசல் வளைந்து வளைந்து போக வேண்டியிருக்கும். அதனால்தான் தகட்டு அமைப்பு, உருண்டை ஆல்ஃபாவைவிடப் பெரும்பாலும் நன்றாகத் தாங்குகிறது.

கலவை ஒன்றே, பர்னஸிலிருந்து எடுத்து ஆற்றிய விதம் வேறானால் ஆயுளும் வேறு. ஆற்றிய விதம் டெஸ்ட் சர்டிபிகேட்டின் வேதிக்கலவைப் பட்டியலில் வராது. எனவே இந்தப் பகுதியில் டைட்டானியம் வாங்குகிறவர்களையும் சோதிக்கிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: கலவை சரி என்றதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பர்னஸ் சார்ட்டையும் நுண்ணமைப்புப் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.