புதுமகவின் வரவும் மூத்த மகவின் நிலையும்

வீட்டிலே குழந்தையொன்று பிறக்குமாயின் அவ்வீட்டார் பலருக்கும் புதுப்பெயர் வாய்க்கின்றது. மகள் தாயாகின்றாள், தாய் பாட்டியாகின்றாள், நேற்றுவரை ‘பாப்பா’ என அழைக்கப்பெற்ற மூன்று வயதுச் சிறுமி ஒரே நாளில் ‘அக்கா’ ஆகிவிடுகின்றாள். தமிழில் உடன்பிறந்தாரை அழைக்கும் முறைப்பெயர்கள் வயதின் முன்பின் நோக்கியே அமைந்தவை. அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்னும் நான்கும் அத்தகையன. கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களிலும் தமிழர்க்கு அயலவராய் வாழும் சிங்கள மக்களும் அய்யா, அக்கா, மல்லி, நங்கி என அவ்வாறே பகுத்து வழங்குவர். இவற்றுள் ‘அக்கா’ என்பது இரு மொழிக்கும் பொதுவாயிற்று. ஆதலின், இளையதன் பிறப்பு மூத்ததற்கு ஒரு பதவியை நல்குகின்றது எனலாம்.

ஆயினும், பதவி பெற்ற அக்குழந்தை இழந்தது யாது என்பதையும் தமிழ்மக்கள் அறியாதிருந்தாரல்லர். தாய் மீண்டும் கருவுற்றமையால், அன்றி அடுத்த மகவு பிறந்தமையால், தாய்ப்பால் உரிய காலத்துக்கு முன்னே மறுக்கப்பட்டு மெலியும் குழந்தையைச் ‘சவலைப் பிள்ளை’ என்பது நம் வழக்கு. அச்சொல் நோயைக் குறிப்பதோடு நில்லாது, அந்நோய் எந்நிலையில் வந்தது என்பதையும் உணர்த்துகின்றது. ஒன்றன் வரவு மற்றொன்றன் மெலிவாகலாம் என்னும் எச்சரிக்கை அதனுள் அடங்கியுள்ளது.

தொலைவிலுள்ள ஆபிரிக்க மக்களும் இதனைக் கண்டு பெயரிட்டுள்ளமை வியப்புக்குரியது. இன்று கானா என வழங்கும் நாடு ‘பொற்கரை’ என்னும் பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், ஆங்குப் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், கைகால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் மாறி மாண்ட சிறு குழந்தைகள் பலரைக் கண்டார். அக்குழந்தைகள் பெரும்பாலும் பால் மறந்து சோளக் கூழையே உண்டு வந்தவர்கள். 1933ஆம் ஆண்டில் அந்நோயை விரித்தெழுதிய அவர், 1935ஆம் ஆண்டில் அதற்குக் ‘குவாசியோர்க்கர்’ என்னும் பெயரை மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தினார். அது அந்நாட்டின் ‘கா’ மொழிச் சொல். அடுத்த குழந்தை பிறக்கும்போது இடமிழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். கடல்கடந்த இரு மக்கட் கூட்டத்தார், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே துன்பத்தை ஒரே கோணத்திலிருந்து நோக்கியுள்ளனர்.

உடலின் சவலையைத் தடுக்கும் வழி இன்று தெளிவாக அறியப்பட்டுள்ளது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் ஊட்டுதல் வேண்டும். அதன்பின் ஏற்ற உணவுகளோடு 2 வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். ஒரு பேற்றின்பின் அடுத்த கருவுறுதற்கு 24 மாத இடைவெளியேனும் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இலங்கையில் இவ்வறிவுரைகளை வீடுதோறும் கொண்டு செல்பவர் குடும்பநல உத்தியோகத்தர். அவர் புதுக்குழந்தையை நிறுத்துப் பார்க்க வரும்போது, கதவோரம் நிற்கும் மூத்த குழந்தையின் உணவையும் எடையையும் தாய் உசாவி அறிதல் நன்று.

உடலின் சவலை இவ்வாறாக, மனத்தின் சவலை எளிதிற் புலப்படுவதன்று. வியன்னா நகரத்து உளவியலறிஞர் அல்பிரட் அட்லர் (1870–1937), தம்பி தங்கையர் பிறந்தபோது முதற்குழந்தை அடையும் நிலையை அரியணை இழந்த அரசனின் நிலைக்கு ஒப்பிட்டார். சிறுநீர் அடக்கப் பழகிய குழந்தை மீண்டும் படுக்கையை நனைத்தலும், மறந்த விரற்சூப்பலை மேற்கொள்ளலும், தானும் தொட்டிலிற் கிடப்பேன் என அடம்பிடித்தலும் இந்நிலையின் அறிகுறிகளாம். இவற்றைக் குறும்பெனக் கொண்டு அடித்தல், இழந்தேன் என அஞ்சும் குழந்தைக்கு அவ்வச்சம் மெய்யே என உறுதிப்படுத்துவதாகும்.

இதற்கு மருந்தாவது யாது? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர்ப்புறத்தில் 40 குடும்பங்களை, இரண்டாம் மகவு பிறக்குமுன்னும் பிறந்தபின்னும், ஜூடி டன், கரோல் கெண்ட்ரிக் என்னும் இருவர் நேரிற் கண்டு ஆராய்ந்தனர். 1982ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த அவ்வாய்வில் ஓர் உண்மை புலனாயிற்று. ‘தம்பி ஏன் அழுகிறான்? பசியோ, குளிரோ?’ என்றவாறு, சிசுவையும் உணர்வும் விருப்பும் உடைய ஓர் ஆளாகக் கருதி மூத்த குழந்தையோடு தாய் உரையாடிய வீடுகளில், அவ்விருவரிடையே பிற்காலத்தில் நட்பு மிகுந்திருந்தது. இதற்குப் பொருட்செலவு யாதும் இல்லை. ஆனால், பேசுதற்கு வேண்டிய ஓய்வு தாய்க்கு இருத்தல் வேண்டும்.

அவ்வோய்வே கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் அரிதாயிற்று. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட நாள்முதல், கொழுந்து பறிக்கும் தொழிலைப் பெரும்பாலும் பெண்களே தாங்கி வந்துள்ளனர். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவினதான லயன் அறையிலே, புதுமகவுக்கெனத் தனியிடம் என ஒன்றில்லை. மூத்தது உறங்கிய இடமே இளையதற்கும் ஆகின்றது. தாய் மலைக்கு ஏறும்போது குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்வதும் வழக்கம்.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இத்தொழிலாளருக்குச் சம்பளத்துடன் கூடிய ஓய்வினை உரிமையாக்கியது. எனினும், நெடுங்காலம் அதில் ஒரு வேற்றுமை நிலவிற்று. முதல் இரு குழந்தைகளுக்கு 12 வாரம் அளித்த சட்டம், மூன்றாவதற்கும் அதற்குப் பின்வருவனவற்றிற்கும் 6 வாரமே அளித்தது. முன்னமே இரு சிறுவரைப் பேணுந் தாய்க்கே ஓய்வு பாதியாயிற்று. இளையது தாயின் மடியை இழந்ததோடு, மூத்தவரும் அவளது கவனத்தை இழந்தனர். 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இவ்வேற்றுமையை நீக்கி, எத்தனையாவது குழந்தையாயினும் ஒரே அளவான ஓய்வை வழங்கிற்று. மூத்த குழந்தைகளுக்கும் நன்மை செய்த சட்டமாக அதனைக் கருதுதல் தகும்.

சட்டம் தரும் நாட்களைப் பயன்கொள்ளுதல் குடும்பத்தார் கையிலுள்ளது. வீட்டில் மருத்துவிச்சி வந்து பேறு பார்த்த காலம் கழிந்து, இந்நாளிற் பெரும்பாலும் எல்லாப் பேறுகளும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் வாழும் தாய் இரவோடிரவாகப் பேராதனைக்கோ கண்டிக்கோ புறப்படுவாளாயின், விடியலில் எழும் குழந்தைக்குத் தெரிவது ஒன்றே: அம்மாவைக் காணவில்லை. ஆதலின், எங்கே செல்வாள், யாரோடு தான் இருக்கவேண்டும், அம்மா திரும்பி வருவாள் என்பனவற்றை முன்கூட்டியே பலமுறை சொல்லி வைத்தல் வேண்டும். அவள் திரும்பி வரும் வேளையில், சிசுவைத் தந்தையோ பாட்டியோ ஏந்திக்கொள்ள, தாய் வெறுங்கையளாய் மூத்த குழந்தையை முதலில் அணைத்துக்கொள்வது சிறப்பு. சளியும் இருமலும் உள்ள நாளில் மூத்தவரைச் சிசுவின் முகத்தருகே விடாமையும், கைகழுவித் தொடப் பழக்குதலும், சிறுவரைச் சிசுவோடு தனியே விடாமையும் பெரியோர் கடமை.

ஈண்டு மற்றொன்றும் நோக்கற்பாலது. ‘அக்கா’ என்னும் பதவி சில வீடுகளில் வேலையாக மாறிவிடுகின்றது. எட்டு, ஒன்பது வயதுச் சிறுமி தம்பியை இடுப்பிற் சுமந்து வாயிலில் நிற்க, அவளது பாடசாலைப் பை சுவரிலே தொங்கும். தொட்டிலை ஒருமுறை ஆட்டுதல், துணியை எடுத்துத் தருதல் ஆகிய சிறு பணிகள் குழந்தைக்குப் பெருமை தருவன. பள்ளி நாளை விழுங்கும் பணியோ அவளுக்குக் காலங்கடந்து வந்த சவலையேயாம். கட்டாயக் கல்வி வயதெல்லை 2016ஆம் ஆண்டில் 16 ஆக உயர்த்தப்பட்டது. தந்தையர் தொட்டிலாட்டக் கூசாதிருப்பின், அச்சட்டம் ஏட்டளவில் நில்லாது வீட்டினுள்ளும் நிறைவேறும்.

கண்டிக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் வழிபடுவோர் மாங்கனிக் கதையை அறிவர். கனி ஒன்று, பிள்ளைகள் இருவர். போட்டி வைக்கப்பட்டது, தோற்றவர் சினந்து பழனிக்குச் சென்றார். தெய்வக் குடும்பத்திலும் ஒப்பீடு பிரிவினையை விளைத்தது எனில், மனிதர் குடும்பத்தைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? ‘தம்பி நல்லவன், நீதான் பொல்லாதவள்’ என்னும் ஒரு சொல், பல நாள் அன்பினை அழிக்க வல்லது.

புதுமகவுக்குப் பெயரிடும் நாளில் உறவினர் கூடிச் சட்டையும் பொம்மையும் தருவர். அவ்வேளை மூத்த குழந்தையை மடியிலிருத்தி, இட்ட பெயரைத் தம்பியின் காதில் அதுவும் ஒருமுறை சொல்லுமாறு செய்யலாம். இழந்த இடத்துக்கு ஈடாக வேறோர் இடம் தனக்கு உண்டென்பதை அக்குழந்தை அன்று உணரும்.