துண்டு என்னும் சொல்

நாள்தோறும் வழங்குஞ் சொற்களுட் சில, தம் எளிமை காரணமாகவே ஆராய்வார் கருத்திற் படாது போகின்றன. துண்டு என்பது அத்தகைய சொல். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழுந் தமிழர், தோளில் இடுஞ் சிற்றாடையை இப்பெயராற் குறிப்பர். யாழ்ப்பாணத்தார் சால்வை என்பதனை இவர்கள் துண்டு என்றல், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய பகுதிகளிலிருந்து வந்த முன்னோர் கொணர்ந்த வழக்காகும்.

துணித்தல் என்பது வெட்டுதல், அறுத்தல் எனப் பொருள்படும். துணிக்கப்படுவது துணி, அதனோடு ஒரு வேரிற் பிறந்ததே துண்டு. தறியில் நீண்ட தொடராக நெய்யப்படுவது, அளவுக்கேற்ப அறுக்கப்பட்ட பின்னரே உடையாகின்றது. ஆதலின் ஆடைக்குரிய தமிழ்ப் பெயர்கள் பல வெட்டுதற் பொருளில் அமைந்தன. அறு என்பதனடியாக அறுவை பிறந்தது. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனப் பெயர் பெற்றமை கற்றோர் அறிந்ததே. கூறு என்பதனடியாகக் கூறை பிறந்தது. மணமகள் உடுக்குங் கூறைச் சேலையில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது.

துண்டு உடை மாத்திரமன்று. உடுத்தோன் நிலையை உணர்த்தும் அடையாளமுமாகும். தோளிற் கிடந்த துண்டை மேலோர் எனப்பட்டார் முன்னிலையில் எடுத்து இடுப்பிற் கட்டவோ கக்கத்தில் இடுக்கவோ வேண்டுமென்னும் கட்டுப்பாடு, தமிழகச் சிற்றூர்களிற் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது நெடுங்காலம் சுமத்தப்பட்டிருந்தது.

இலங்கைத் தோட்டங்களில் இச்சொல் வேறொரு கட்டுப்பாட்டிற்கும் பெயராயிற்று. வெட்டியெடுத்த சிறுதாளும் துண்டே. வழிச்செலவு, உணவு, உடை ஆகியவற்றிற்காகக் கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறியது. அவன் தோட்டம் மாற விரும்பின், அக்கடன் தீர்க்கப்பட்டால் விடுவிப்பதாகத் தோட்டத்துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அச்சீட்டே துண்டு. புதிய தோட்டத்தார் பழைய கடனைச் செலுத்துவர், தொழிலாளியோ கடனினின்று நீங்கான், கடன்கொடுத்தோரே மாறுவர். கங்காணிமார் கூடுதல் முன்பணம் நாடித் துண்டோடு தோட்டந்தோட்டமாகச் சென்றமையாற் கடன் மேலும் பெருகியது.

1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இம்முறையை ஒழித்தது. வறுமையும் கடனும் அன்றே தீர்ந்தில. எனினும், ஒருவன் உழைப்பைத் தாளொன்றாற் கைமாற்றும் வழி அடைபட்டது.

தோட்டங்களைச் சூழ்ந்த ஊர்களிற் பேசப்படும் சிங்களத்திலும் சீட்டைத் துண்டுவ என்பர். தமிழ்ச்சொல் அயல்மொழியிற் புகுந்து நிலைபெற்றமைக்கு இது சான்று.

தாள்துண்டு மறைந்தது, தோள்துண்டு நிலைத்தது. ஒரு சொல்லின் வேரை அகராதி காட்டும். அச்சொல்லின்கீழ் மாந்தர் பட்ட பாட்டினை முதியோர் பேச்சே காட்டும். தோட்டப்புற மாணவர் தம் வீட்டு மூத்தோரிடங் கேட்டு இத்தகைய சொற்களைத் தொகுப்பாராயின், அது மொழிக்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.