பாத்திரமேற்பு விளையாட்டில் மாந்தர் படைப்பு: தோற்றம், பண்பு, குடி

நாடகத்தில் மாந்தரைப் படைப்பவர் ஒருவர். அம்மாந்தராக நடிப்பவர் வேறொருவர். பாத்திரமேற்பு விளையாட்டில் இவ்விரு பணிகளையும் ஆடுவோர் ஒருவரே மேற்கொள்கிறார். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் உருவாக்கி, 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டிற்கு வழிகாட்டியாகும். தம் மாந்தர் செய்வதை ஆடுவோர் வாய்மொழியாகக் கூறுவர். அதன் விளைவை நடுவர் விதிகளைக் கொண்டும் பகடையைக் கொண்டும் உரைப்பார்.

மாந்தரின் வலிமை, நுண்ணறிவு, மெய்யறிவு, உடலுறுதி, விரைதிறன், ஈர்ப்பு ஆகிய ஆறு ஆற்றல்களும் தொடக்கத்தில் மூன்று பகடைகளை உருட்டிப் பெறும் எண்களால் அமைந்தன. 1978ஆம் ஆண்டு விதிநூலில் மாந்தரின் இனம் இவ்வெண்களை மாற்றியது. குள்ளர் இனத்தார்க்கு உடலுறுதி ஒன்று கூடும். ஈர்ப்பு ஒன்று குறையும். பிறப்பு ஆற்றலை வரையறுக்கும் என்னும் கருத்து இவ்விதியினுள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

இக்கருத்தை எதிர்த்து நிற்கும் மாந்தராக டிரிஸ்ட் டோஉர்டன் என்பவரைக் குறிப்பிடலாம். இவ்விளையாட்டின் கற்பனை உலகை அடிப்படையாகக் கொண்டு ஆர். ஏ. சால்வடோர் எழுதிய புதினத்தில், 1988இல் இவர் முதன்முதலாகத் தோன்றினார். கருநிற மேனியும் வெண்ணிற முடியும் உடைய டிரௌ இனத்தவர் இவர். இவ்வினத்தார்க்குக் கண்கள் பெரும்பாலும் சிவந்திருக்கும். இவர்க்கோ ஊதா நிறம். இவர்தம் குடும்ப வரலாற்றை 1990இல் வெளிவந்த புதினம் விரிக்கின்றது. நிலத்தடி நகரில் தாய்வழி ஆட்சி நடத்தும் குடியின் தலைவி மாலிஸ் இவருடைய தாய். மூன்றாம் மகனாதலின் சிலந்தித் தெய்வத்திற்குப் பலியாக வேண்டியவர். பிறந்த இரவில் மூத்த மகனை இரண்டாம் மகன் கொன்றுவிட, உயிர் தப்பினார். குடியின் கொடுமையை ஏற்க மனமின்றி நகரைவிட்டு வெளியேறினார்.

பிறப்பினின்றும் பண்பு வேறுபடலாம் என இக்கதை காட்டுகிறது. எனினும், கொடுமையை உள்ளூர வெறுக்கும் ஸாக்னஃபெய்ன் என்பவரே இவர்தம் தந்தை. வேறுபட்ட கண்ணிறமும் வேறுபட்ட மனத்தின் அடையாளம்போல் நிற்கிறது. ஆகவே, குடிவழியை மறுக்கும் கதையும் நற்பண்பிற்குக் காரணத்தைக் குடிவழியிலும் தோற்றத்திலும் ஒருவாறு தேடுகிறது எனலாம்.

விதிகளிலும் இச்சிக்கல் தொடர்ந்தது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, குணக்கூறு, குறிக்கோள், பிணைப்பு, குறைபாடு என்னும் நான்கையும் மாந்தரின் முன்வாழ்க்கையோடு இணைத்தது. ஆற்றல் உயர்வை இனத்தின்பாலே விட்டது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பு அவ்வுயர்வைப் படைவீரர், கைவினைஞர் போன்ற முன்வாழ்க்கைப் பின்னணிக்கு மாற்றியது. ‘இனம்’ என்னும் சொல்லையும் நீக்கி ‘உயிர்வகை’ எனப் பொருள்படும் சொல்லை ஆண்டது. இருளில் காணல் போன்ற கூறுகள் பிறப்போடு நின்றன.

ஐம்பதாண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் விளையாட்டு நுட்பம் பற்றியது மட்டுமன்று. ஒருவர் யார் என்பதைப் பிறந்த குடி முடிவு செய்கிறதா, வாழ்ந்த வாழ்வு முடிவு செய்கிறதா என்னும் வினாவிற்கு விதிநூல் தந்துள்ள விடையே அது.