ஆளைக் கண்டால் எரியும் விளக்கு: பச்சை வயரை மறக்காதீர்கள்!

இரவு கடையைப் பூட்டியபின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் நம்மில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. ஆனால் வீட்டின் பின்பக்கத்தை எத்தனை பேர் கவனிக்கிறோம்? நம் வணிகர்கள் பலருக்கு வீடும் கிடங்கும் ஒரே காம்பவுண்டுக்குள்தான். காலி டின், சாக்குக்கட்டு, பழைய தராசு எல்லாம் பின்பக்கம்தான் கிடக்கின்றன. சுவர் ஏறிக் குதிப்பவனுக்கும் அந்தப் பக்கம்தான் வசதி.

இதற்காக, ஆள் நடமாடினால் தானே எரியும் ‘சென்சார்’ விளக்கைப் பலர் வாங்கி மாட்டுகிறார்கள். நல்ல சாதனம்தான். ஆனால் அதை மாட்டுவதில் நான் செய்த தவறை நீங்களும் செய்துவிடக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

நான் பிடித்த மிச்சம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு முறை எண்ணெய் டின்கள் காணாமல் போயின. உடனே உலோக உடல் கொண்ட சென்சார் விளக்கு ஒன்றை வாங்கினேன். எலக்ட்ரீஷியனுக்குக் கூலி எதற்கு என்று, கடைப் பையனை வைத்துக்கொண்டு நானே மாட்டினேன். பின் அறை பிளக்கிலிருந்து இரண்டு கம்பி வயரை இழுத்து, மாடிக்குப் போகும் இரும்புப் படியில் விளக்கை முடுக்கிவிட்டேன். விளக்கிலிருந்து வந்த பச்சை வயர் மட்டும் மீதி இருந்தது. அதை வெட்டி டேப் சுற்றி விட்டுவிட்டேன். விளக்கு அருமையாக எரிந்தது. கூலி மிச்சம் என்று எனக்கும் சந்தோஷம்.

ஐப்பசி மழை வந்தது. ஒரு நாள் காலையில் மூட்டை இறக்க வந்த தொழிலாளி, நனைந்த உடம்போடு படியின் கைப்பிடியைத் தொட்டார். தூக்கி எறிந்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்தது அவர் அதிர்ஷ்டம். முழங்கை அடியோடு பிழைத்தார். “அண்ணாச்சி, படியில கரண்ட் வருது” என்று அவர் நடுங்கிக்கொண்டே சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவருக்கு மூன்று பிள்ளைகள்.

அன்றே எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். இணைப்புக்குள் மழைநீர் இறங்கி, விளக்கின் உடலிலும் அதன் வழியாகப் படியிலும் மின்சாரம் ஏறியிருந்தது. “பச்சை வயரை ஏன் வெட்டினீங்க?” என்று கேட்டார். “அது இல்லாமலே எரிஞ்சுதே” என்றேன். “விளக்கு எரிய ரெண்டு வயர் போதும் அண்ணாச்சி. மூணாவது வயர் ஆள் பிழைக்கிறதுக்கு” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

வயரிங்கில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, எர்த். உலோக உடல் கொண்ட விளக்குக்குப் பச்சை வயர் கட்டாயம் எர்த்தில் சேர வேண்டும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம் உள்ள விளக்குகளுக்கு மட்டுமே எர்த் தேவையில்லை. அவை இரட்டைக் காப்பு உள்ளவை.

இரண்டாவது, ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு தடுப்பான். ‘எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது’ என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பதற்கு, அதிக லோடு, ஷார்ட் சர்க்யூட் வந்தால்தான் விழும். மனிதனைக் கொல்ல அதைவிட மிகக் குறைந்த மின்சாரம் போதும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கசிவு ஏற்பட்ட உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, வயர் நிறம். நம் வீடுகளில் பெரும்பாலும் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல். தனியாக விற்கும் சென்சார்கள் பலவற்றில் பழுப்புதான் பேஸ், நீலம் நியூட்ரல். சிவப்பு, சென்சாரிலிருந்து விளக்குக்குப் போகும் வயர். சிவப்பைப் பார்த்தவுடன் பேஸ் என்று நினைத்துக் கொடுத்தால் வேலை கெட்டுப்போகும். பெட்டிக்குள் வரும் காகிதத்தைப் பார்த்தே சேர்க்க வேண்டும். சுவிட்ச் பேஸ் வயரில்தான் இருக்க வேண்டும்.

நான்காவது, மழை. வெட்டவெளியில் மாட்டுவதானால் ஐ.பி. 65 என்று குறித்த விளக்காகப் பார்த்து வாங்குங்கள். வயர் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும். இணைப்புகள் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டேப் சுற்றியது மழைக்கு நிற்காது.

எங்கே, எப்படி மாட்டுவது?

இந்தச் சென்சார், உடல் சூட்டின் அசைவை அறிவது. அதனால் ஆள் நேராக அதை நோக்கி வருவதைவிடக் குறுக்கே நடக்கும்போது நன்றாகக் கண்டுபிடிக்கும். எட்டு அடி உயரத்தில், நடைபாதைக்குப் பக்கவாட்டில் வைப்பது நல்லது. சித்திரை வெயில் காலத்தில் சுற்றுச்சூடும் உடல் சூடும் நெருங்கிவிடுவதால் அதன் எட்டும் தூரம் குறையும். பழுது என்று நினைக்க வேண்டாம். ஏ.சி.யின் வெளிப்பெட்டி, ஆடும் மரக்கிளை, தெரு ஆகியவற்றை நோக்கி வைத்தால் ஓயாமல் எரிந்து அணையும். பிறகு யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு ஜன்னலில் வெளிச்சம் அடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்செலவு அற்பம். பழைய 40 வாட் டியூப்லைட் சோக்கோடு இரவு 12 மணி நேரம் எரிந்தால் மாதம் சுமார் 18 யூனிட். 20 வாட் எல்.இ.டி. சென்சார் விளக்கு இரவில் மொத்தம் ஒரு மணி நேரம் எரிந்தாலும் மாதம் ஒரு யூனிட் அளவில் அடங்கிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை

வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுத்துக் கடைக்கோ கிடங்குக்கோ விளக்குப் போடாதீர்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி இது அனுமதியற்ற பயன்பாடு. கட்டணம் இரு மடங்காக விதிக்கப்படும். கிடங்கு விளக்குக்குக் கிடங்கு மீட்டரே சரி.

வணிகப் பெருமக்களே! கொள்முதலில் காலணா மிச்சம் பிடிப்பது நம் தொழில் தர்மம். ஆனால் எர்த்திலும் எலக்ட்ரீஷியன் கூலியிலும் மிச்சம் பிடிப்பது லாபக் கணக்கில் வராது. உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே விளக்கு மாட்டியிருப்பவர்கள் மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை அவரை வைத்துச் சோதித்துவிடுங்கள். திருடன் கொண்டுபோன டின்னை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். நம்மை நம்பி மூட்டை தூக்க வருகிறவரின் உயிரை எந்த மண்டியில் வாங்குவது?