சட்டமும் கடப்பாடும்

சட்டம் ஒன்றைச் செய்க என விதித்த அளவானே அதனைச் செய்யும் கடப்பாடு மக்கட்கு உண்டாமோ என்பது ஆராயற்பாலது.

ஆங்கில நாட்டு ஜான் ஆஸ்டின் 1832-இல் வெளியிட்ட நூலில், சட்டமாவது ஆள்வோன் ஆணை. மீறின் ஒறுப்பு எய்தும் நிலையே கடப்பாடு என்றனர். அங்ஙனமாயின், துப்பாக்கி காட்டிப் பொருள் பறிக்கும் கள்வன் சொல்லும் கடப்பாடு தருதல் வேண்டும். இவ்விழுக்கை 1961-இல் விளக்கியவர் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஹார்ட். பறிகொடுத்தவன், 'கொடுக்குமாறு நெருக்கப்பட்டேன்' என்பானேயன்றிக் 'கொடுக்கும் கடப்பாடுடையேன்' என்னான். விதியை அளவுகோலாக ஏற்று, தம்மையும் பிறரையும் அதனால் அளந்து, பிழைத்தாரைக் கடிந்துரைக்கும் அகநோக்கு உள்வழியே கடப்பாடு உண்டென்பது அவர் துணிபு. இவ்வேறுபாடு மிக நுண்ணிது.

அற்றேல், விதியை உள்ளத்தால் ஏலாதானை அது பிணிக்குமாறு யாங்ஙனம்? அது சட்டநெறிக் கடப்பாடே, அறநெறிக் கடப்பாடு அன்று எனின், வினா விடுபட்டதன்றி விடை பெற்றதன்று. ஹார்ட்டின் மாணாக்கர் ஜோசப் ராஸ் 1979-இல், நல்லரசின்கண்ணும் சட்டத்திற்குக் கீழ்ப்படிதல் என்னும் பொதுக் கடப்பாடு இல்லை என்றே கூறினர். கொலை செய்யாமை சட்டத்திற்கு முன்னரே கடன். சட்டம் அதனைப் படைத்ததன்று.

சட்டம் புதிதாகப் படைப்பதும் ஒன்று உண்டு. சாலையில் இடப்புறம் செல்லுதல் தன்னளவில் அறமும் அன்று, மறமும் அன்று. பிரிட்டனில் சட்டம் அதனை வரையறுத்தபின், வலப்புறம் செல்வோன் பிறர் உயிர்க்கு ஊறு விளைப்பவனாகின்றான். ஆண்டும் அவனைக் கட்டுவது ஊறு செய்யாமை என்னும் பழங்கடனே. ஆயின், ஒருவரும் இயங்காத பாலைவழியில், நள்ளிரவில், செவ்விளக்குக் கண்டு நிற்பவன் யார்க்குக் கடன்பட்டு நிற்கின்றான்?